வெறும் வயிறு

அனல் மின் நிலையத்தை முழுசாக மூடலாமா கூடாதா என்று இரண்டு கட்சிகள் எதிரெதிரே மேடை போட்டு ஒரு தேர்தல் முழுக்கச் சண்டை போட்டன. மூடினால் கடலும் காற்றும் பிழைக்கும் என்றது ஒன்று. மூடினால் ஊர் பிழைக்காது என்றது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருந்தது, அதுதான் கொடுமை. மேடையில் தொண்டை கிழியப் பேசியவர்களில் ஒருவராவது கரி ஏற்றிப் போகும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, சிந்தின கரியை மண்வெட்டியால் வாரிப் போட்டவர் இல்லை. அந்த வேலையைத் தன் வாலிபம் பூராவும் செய்த மாரிராஜ், மேடைக்குக் கீழே மைக் செட்டுக்குப் பக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் மனைவி கனகலட்சுமி அதைப் பார்க்கவில்லை. அவள் மகள் கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு அதற்கு முன்பே தெற்கை விட்டு வடக்கே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டாள். அனல் நிலையத்து வாசலில் அவள் இட்லிக்கடை வைத்திருந்தாள். முதல் யூனிட்டை நிறுத்தியபோது கடையில் பாதிக் கூட்டம் போயிற்று. லாரிகள் குறைந்தன, பஞ்சர் கடைக்காரன் போனான், டீக்கடைக்காரன் போனான், கடைசியில் அவள் இட்லிக் கொப்பரையும் கவிழ்ந்தது. கரியில் கை வைக்காதவர்களுக்கும் கரியால்தான் அடுப்பு எரிந்தது என்பது, அது நின்ற பிறகுதான் அந்தக் கடற்கரைக்கே புரிந்தது. இங்கே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் காய் நறுக்கவும் தட்டுக் கழுவவும் ஆள் எடுத்தார்கள். வந்து சேர்ந்தாள்.

மாரிராஜ் வரவில்லை. போராட்டம் இருக்கிறதே. நிரந்தர ஊழியர்களை வேறு வேறு நிலையங்களுக்கு மாற்றிவிட்டார்கள். மாரிராஜ் போன்ற ஒப்பந்தக் கூலிகளை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள். அவர்களெல்லாம் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலில் மாரிராஜ் ஒருநாள் மைக்கைப் பிடித்து, "இந்தக் கரிய விட்டு நான் போறதா இருந்தா என்னச் சாம்பலாத்தான் அள்ளிட்டுப் போணும்" என்று பேசிவிட்டான். கூட்டம் கைதட்டியது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டு ஊரெல்லாம் சுற்றியது. இருங்காட்டுக்கோட்டையில் கேன்டீன் பாத்திரங்களுக்கு நடுவே அதைப் போனில் பார்த்த கனகலட்சுமிக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

தேர்தல் முடிந்தது. மூட வேண்டும் என்ற கட்சி ஜெயித்தது. பந்தலைக் கலைப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தது. இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஒரகடத்தில் புதிதாக வரும் சூரியத்தகடு செய்யும் தொழிற்சாலையில், பந்தலை விட்டு எழுந்து பெயர் கொடுப்பவர்களுக்கு நிரந்தர வேலை. "கரியை விட்டவனுக்கு வெயிலில் வேலை" என்று ஒரு தலைவர் பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தொழிற்சாலையைத் தெற்கிலேயே கட்டியிருந்தால் என்ன, அங்கே இல்லாத வெயிலா என்று கேட்க ஆளில்லை.

கனகலட்சுமி அன்று சாயங்காலமே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பேரக் குடுத்துருங்க."

"என்னட்டி பேசுத. நான் மைக்குல சொன்ன சொல்லு என்னாவது?"

"சொல்லு சோறு போடுமா? பிள்ள வயசுக்கு வந்துட்டா. ஒத்தப் பொம்பளையா அவள வச்சுக்கிட்டு இந்த ரூமுக்குள்ள பயந்து கெடக்கேன். நீங்க அங்க, நாங்க இங்கன்னு இது என்ன குடும்பம்?"

அவள் போனைக் கனிஷ்காவிடம் கொடுத்தாள். கனிஷ்கா ஒன்றும் வாதாடவில்லை. "அப்பா, நீ எப்ப வருவ?" என்று மட்டும் கேட்டாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் பெயர் கொடுத்தான். பந்தலில் அவரவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. டீ வந்தால் அவரவர் டம்ளரில் ஊற்றிக்கொள்வார்கள். அவன் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது உச்சிமாகாளி, அவனோடு ஒரே பெல்ட்டில் நின்ற ஆள், கல்யாணத்துக்குத் தோழனாக நின்றவன், எழுந்து போய் மாரிராஜின் டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். ரயிலேறும் வரைக்கும் அந்த ஊரில் யாரும் அவனுக்கு ஒரு வாய் டீ ஊற்றவில்லை. இதை அவன் கனகலட்சுமியிடம் வந்த அன்றைக்கே சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். இனி அந்த ஊர் அவனுக்கு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. ஒரகடத்து வேலை கிடைத்தால்தான் அவன் கொடுத்த விலைக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

அவர்கள் இருந்தது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஒன்று. மற்ற அறைகளில் ஷிப்டுக்குப் போகும் பையன்கள். வீட்டுக்காரர் நரசிம்மன் பின்னாலேயே குடியிருந்தார். அவருடைய நிலம் ஒரு காலத்தில் கம்பெனிக்குப் போனது. போன நிலத்துக்குப் பதிலாக வீட்டுக்கொரு வேலை என்று சொன்னார்கள். அந்த வேலை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அவர் மகன் இனியவன் டிப்ளமா முடித்துவிட்டு, பைக்கைத் துடைப்பதும் போனைத் தேய்ப்பதுமாக இருந்தான்.

மாரிராஜ் வந்த இரண்டாம் நாளே ஒரகடம் சந்திப்பில் சாலை மறியல். எங்கள் மண்ணில் எழும் தொழிற்சாலையில் வெளிமாவட்டத்தானுக்கு என்ன வேலை என்று இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். தோற்ற கட்சி அங்கே கரிக்காகக் கத்தியது, இங்கே மண்ணுக்காகக் கத்தியது. தொண்டைக்கு என்ன, எதற்கு வேண்டுமானாலும் கத்தும். நரசிம்மனும் காலையில் மறியலுக்குப் போய் வெயிலில் உட்கார்ந்து வந்தார். சாயங்காலம் வந்து, இவர்கள் அறைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று தானே மோட்டாரைக் கழற்றிப் போட்டுச் சரி செய்தார்.

"இன்னாம்மா, வூட்டுக்காரரு வந்துட்டாராமே" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. மாரிராஜைப் பார்த்து, "தப்பா நெனச்சிக்காத நைனா. உன் மேல எனக்கு இன்னா கோவம். எங்க நெலத்த எடுத்துக்கினு வேலைய மட்டும் வேற ஊருக்குக் குடுத்தா, நாங்க இன்னா மண்ணா துண்றது?"

"உங்க கோவம் நியாயந்தான் அண்ணாச்சி. அங்கேருந்து மின்சாரம் போச்சு உங்க பக்கமா, சாம்பலு விழுந்துச்சு எங்க பக்கமா. அதையும் யாராவது கணக்குல எடுக்கணுமில்லா."

"அது சரி. அதுவும் நாயந்தான்."

இரண்டு நியாயங்களும் அந்த வாசலில் எதிரெதிரே நின்றன. பிறகு நரசிம்மனின் மனைவி கங்கம்மாள் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மாரிராஜ் அந்த டம்ளரைக் கையில் வாங்கியவன் உடனே குடிக்கவில்லை, சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏன் என்று கனகலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும்.

வேலைக்குச் சேரும் முன் மருத்துவப் பரிசோதனை ஒன்று உண்டு என்றார், ஆள் எடுக்கும் ஏஜென்சியைச் சேர்ந்த கோதண்டம். அந்த வார்த்தையைக் கேட்டதும் தெற்கிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் முகம் செத்துவிட்டது. நெஞ்சைப் படம் எடுப்பார்களே. இத்தனை வருஷம் கரித்தூளை மூச்சாக இழுத்த நெஞ்சு அதில் எப்படித் தெரியும்? மாரிராஜுக்கு விடியற்காலையில் இருமல் வரும். ஈரத் துண்டை உதறுவது போல ஒரு இருமல். அதைக் கேட்கும்போதெல்லாம் கனகலட்சுமிக்கு அந்த வேலை கையைவிட்டுப் போவது போலவே இருக்கும்.

ஆனால் அவளுக்கு ஒரு வைத்தியம் தெரியும். கரி வேலை செய்தவர் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். கருப்பட்டி.

அங்கே காண்ட்ராக்டர் ஒருநாளும் முகமூடி கொடுத்ததில்லை. ஷிப்ட் முடிந்து கைகால் கழுவி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுப்பான். தொண்டையில், நெஞ்சில் ஒட்டின கரியை அது இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும் என்பது பேச்சு. முகமூடியைவிட அது மலிவு என்பது காண்ட்ராக்டருக்குத் தெரியும். அதில் அன்பு இருப்பதாக ஆட்களுக்குத் தோன்றியது. அதை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். சோற்றுக்கு மேலே போட்டால் பலிக்காது. கருப்பட்டி உள்ளே இறங்கிய பிறகுதான் கஞ்சியோ சோறோ. அதை யாரும் தீனி என்று நினைத்ததில்லை. குலசைக் கோயில் தசராவுக்கு மாலை போட்டுப் பட்டினி விரதம் இருப்பவர்கள்கூடக் கரி வேலை முடிந்ததும் அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொள்வார்கள். விரதம் கெட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. அது மருந்து.

கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் ஒவ்வொரு காலை ஷிப்டுக்கு முன்னும் அவள் கருப்பட்டித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தே பழகியவள். இருங்காட்டுக்கோட்டையில் தெற்கத்திக்காரர் ஒருவர் வைத்திருந்த மளிகைக் கடையில் உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தது. வட்டுவட்டாக வாங்கிவந்தாள். பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தான்.

"நெஞ்சுக்குள்ள இருக்குத கரியெல்லாம் ஒரு வாரத்துல போயிருமாக்கும்" என்று கேலி பண்ணினான்.

"போவும். பேசாமக் குடிங்க."

இருமல் உண்மையிலேயே குறைந்தது. இங்கே கரி இல்லை, தூசி இல்லை, அதனால் குறைந்திருக்கலாம். அவள் கருப்பட்டிக்கே நன்றி சொன்னாள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் போனில் செய்தி வந்தது. கனிஷ்கா வாசித்துக் காட்டினாள். "காலையில எதுவும் சாப்பிடாம வெறும் வயித்துல வரணுமாம்மா."

"வெறும் வயித்துலதானே. அப்படியே வருவாவ."

காலையில் எழுந்ததும் அவள் இட்லி அவிக்கவில்லை. காப்பி போடவில்லை. தனக்கும் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, அவன் பட்டினி கிடக்கும்போது தான் தின்பதா என்று. பெரிய துண்டாக உடைத்து, சுக்குத் தட்டிப் போட்டு, கெட்டியாகக் கருப்பட்டித் தண்ணி மட்டும் காய்ச்சினாள். இன்றைக்குத்தான் நெஞ்சு நன்றாகச் சுத்தமாக இருக்க வேண்டும். வெறும் வயிறு, கருப்பட்டிக்கு இதைவிட நல்ல நேரம் ஏது. அவன் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தான். சாமி படத்துக்கு முன்னால் அவள் அவன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

அன்று அவள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே போனாள். ஏஜென்சி ஏற்பாடு செய்திருந்த பரிசோதனைக் கூடத்தில் அனல் நிலையத்து ஆட்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். பந்தலில் வீராப்பாக உட்கார்ந்திருந்தவர்கள், இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலச் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ரத்தம் எடுக்கும் பெண், சசிரேகா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்டாள். மாரிராஜையும் கேட்டாள்.

"காலைல எதனா சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா. ஒண்ணும் சாப்பிடல."

கதவுக்கு வெளியே நின்ற கனகலட்சுமி அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். உண்மையைத்தானே சொல்கிறான்.

மதியம் படம் எடுத்துவிட்டு வெளியே வந்தவன் அவளைத் தேடி வேகமாக வந்தான். அவன் அப்படி நடந்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "நெஞ்சு சுத்தமா இருக்காம்ட்டி. அந்த டாக்டரு தம்பி படத்த வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் பயமில்ல போங்கன்னுட்டாரு" என்றான். அவளுக்கு அங்கேயே தரையில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. ரோட்டோரக் கடையில் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள். மகளுக்கும் ஒரு பொட்டலம் கட்டினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இங்கே இரண்டு அறை உள்ள வீடாகப் பார்க்க வேண்டும் என்றான். கனிஷ்காவுக்குப் படிக்க ஒரு மேசை வேண்டும் என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்கிக்கூடப் போனாள். அவள் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியான பயணம் பிறகு வரவில்லை.

மறுநாள் கேன்டீனில் இருந்தபோது மாரிராஜ் போன் செய்தான். "தகுதி இல்லன்னு சொல்லுதாவ" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. "சக்கரையாம். நூத்தம்பதத் தாண்டி நிக்குதாம்."

கனகலட்சுமி கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம்கூடச் சொல்லாமல் நேராகக் கோதண்டத்தின் அலுவலகத்துக்குப் போனாள். கோதண்டம் கெட்ட ஆள் இல்லை. பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அவுகளுக்குச் சக்கரையே கெடையாது சார். அவுக அப்பா அம்மாவுக்கும் கெடையாது. மிஷினு ஏதோ தப்பு."

"மிஷினு தப்பா இருந்தா எல்லாருக்கும்தானேம்மா தப்பா காட்டும்? அந்தப் பொண்ணு கேட்டுக்கினுதான் எடுத்திருக்கு. சாப்புடலன்னு அவரே சொல்லியிருக்காரு. வெறும் வயித்துலயே இவ்ளோ கீதுன்னா கம்பெனி எடுக்காது. ரூல்ஸு."

"சாப்பிடலதான் சார். நான்தானே கூட இருந்தேன். பச்சத் தண்ணி பல்லுல படல. கருப்பட்டித் தண்ணி மட்டுந்தான் குடுத்தேன்."

கோதண்டம் அவளைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"கருப்பட்டி குடுத்தியாம்மா" என்றார் மெதுவாக. "காலைலயா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கருப்பட்டி இனிப்பு. இது உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும், தெரியாமல் என்ன. ஆனால் கரி வேலைக்காரன் வீட்டில் அது இனிப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். சுக்கு வேறு தட்டிப் போட்டு.

"வெளில ஒரு லேப்ல நிஜமாலுமே வெறும் வயித்துல டெஸ்ட் எடுத்துக்கினு வா. எனக்குக் குடு. பேசிப் பாக்குறேன்" என்றார் கோதண்டம்.

வீட்டுக்கு வந்து அவள் புருஷனிடம் கருப்பட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னாள். மீதி இருந்த கருப்பட்டி வட்டுகளைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மறுநாள் காலையில் அவனுக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

லேப்பில் சர்க்கரை எல்லைக்குள் இருந்தது. "கொஞ்சம் நடங்க, போதும்" என்றார்கள். நெஞ்சு சுத்தம், ரத்தம் சுத்தம். அந்த ஆளிடம் ஒரு குறையும் இல்லை. கனகலட்சுமி அந்த ரிசல்ட்டோடு ஓடினாள். கோதண்டம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

"மறியல் பண்ணவங்களோட பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சும்மா. தெக்கத்தி ஆளுங்கள்ல யாரு கழிஞ்சாலும் அந்த எடம் இங்க நெலம் குடுத்தவங்க வூட்டுக்குன்னு கையெழுத்தாயிடுச்சு. நேத்து சாயங்காலமே ஆள் போட்டாச்சு. நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன். ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா..."

கனகலட்சுமி அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு ஊர்களையும் மோதவிட்டு, ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, பாட்டை நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்தவன் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வான். பாட்டுப் போட்டவனை யாரும் கேட்கப் போவதில்லை.

அன்று சாயங்காலம் கங்கம்மாள் ஒரு தட்டில் கேசரியோடு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க இனியவனுக்கு ஒரகடத்துல வேல கெடச்சிடுச்சி கனகா. எத்தினி வருசம் காத்துக்கினு இருந்தோம். மொதல்ல உனக்குத்தான் குடுக்கணும்னு எடுத்துக்கினு வந்தேன்."

பின்னால் நரசிம்மன் நின்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, பாவம், மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கனகலட்சுமி தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். கை முன்னே போனது, கால் நகரவில்லை. மாரிராஜ் எழுந்து வந்து தட்டை வாங்கினான். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்லாருக்கட்டும் அண்ணாச்சி. உங்க பிள்ளைக்குக் கெடச்சது எனக்குச் சந்தோசந்தான்" என்றான்.

நரசிம்மன் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மாத வாடகையைக் கேட்க அவர் வரவே இல்லை.

இனி என்ன செய்வது? ஊருக்குப் போக முடியாது. போனால் கவிழ்த்த டம்ளரை நிமிர்த்த யாரும் இல்லை, நிலையமும் இல்லை. இங்கே கம்பெனிகள் சின்னப் பையன்களைத்தான் கேட்டன. நாற்பதைத் தாண்டியவனைக் காவல் வேலைக்குக்கூட யோசித்தார்கள். சில வாரம் லோடு இறக்கினான், கட்டட வேலைக்குப் போனான். பிறகு ஒருநாள் பழைய காண்ட்ராக்டரின் ஆள் போன் செய்தான். வடக்கே, வேற்று மாநிலத்தில், புதிதாக எழும் ஒரு அனல் நிலையத்துக் கரிக்கிடங்கில் பெல்ட் தெரிந்த ஆட்கள் வேண்டுமாம்.

"இங்க மூடுதாவ, அங்க தொறக்காவளா?" என்றாள் கனகலட்சுமி.

"கரண்டு வேணுமில்லட்டி எல்லாருக்கும்." பிறகு கொஞ்சம் கழித்து, "அங்க பரிசோதனை ஒண்ணும் கெடையாதாம்" என்றான்.

அதைக் கேட்டதும் அவள் உடைந்து அழுதாள். சுத்தமான நெஞ்சை வைத்துக்கொண்டு, அந்த நெஞ்சைப் பற்றி யாருமே கேட்காத இடத்துக்குப் போகிறான். கனிஷ்கா புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் இந்தத் தடவை எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

கிளம்பின அன்று நெடுஞ்சாலைப் பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றார்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் புதுச் சீருடையில் இனியவன் தன் பஸ்ஸுக்காக நின்றான். இவர்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் போனைக் குனிந்து பார்த்தான். கனகலட்சுமி மதியத்துக்கான புளிச்சோற்றுப் பொட்டலத்தை வைப்பதற்காகப் புருஷனின் பையைத் திறந்தாள்.

துணிக்கு அடியில் கைக்கு என்னவோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். அதே செய்தித்தாள் பொட்டலம், ஒரு ஓரம் குப்பை ஈரத்தில் நனைந்து காய்ந்திருந்தது. உள்ளே அவள் தூக்கி எறிந்த கருப்பட்டி.

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவனுக்குத் தெரியும். அவள் சொல்லாமல் மறைத்ததையும், எறிந்ததையும், எதற்காக எறிந்தாள் என்பதையும் தெரிந்துகொண்டுதான், ஒரு வார்த்தை கேட்காமல் அவள் கொடுத்த வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறான்.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"அந்தப் பொண்ணு ஊசிய எடுக்கும்போதே நாக்குல இனிச்சுது. சுக்கு வாசம் அடிச்சுது. அப்பவும் அது தீனின்னு எனக்குத் தோணல பாரு. சக்கரைன்னு போன் வந்ததும் வெளங்கிட்டு."

"எங்கிட்ட ஒரு வார்த்த திட்டலியே நீங்க."

"எதுக்குத் திட்டணும். நெஞ்சு நல்லாருக்கணும்னுதானே குடுத்த. நல்லாத்தானே இருந்துச்சு." அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் திரும்பவும் பைக்குள் வைத்தான். "மறுபடியும் கரிக்குள்ள போறேன். இது இல்லாம எப்படி?"

பஸ் வந்தது. அவன் மகளின் தலையைத் தடவிவிட்டு ஏறிக்கொண்டான். செம்பரம்பாக்கம் பக்கம் பஸ் திரும்பி மறையும் வரைக்கும் கனகலட்சுமி நின்றாள். காலையில் அவனுக்கு என்ன கொடுத்து அனுப்பினோம் என்று திடீரென்று யோசித்தாள். ஒன்றும் கொடுக்கவில்லை. தன் கையால் மறுபடி ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயத்தில் காப்பிகூடப் போடவில்லை. வெறும் வயிற்றோடு போகிறான்.